பாண்டியரின் குதிரைகள் ஏன் மாண்டன?

"கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று குதிரையைப் பற்றி நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. உண்ண முந்துகிறவன் உழைக்கப் பிந்துகிறான் என்று ஒரு மாணவனைக் குறை கூற வேண்டுமானால் ஆசிரியர்களாகிய நாம் இதனை எளிதில் எடுத்தாளுகிறோம். குற்றம் முழுவதும் குதிரையின் தலையில் விழுகிறது. கொள்ளை எவ்வளவு வைத்தார்கள், கடிவாளத்தை எந்த வயதில் மாட்டினார்கள், மாட்டிய கை பழகிய கையா என்று எவரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டு வரலாற்றில் இக்கேள்விகளைக் கேட்டே தீரவேண்டிய ஓர் இடம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரையில் வந்திறங்கிய ஆயிரக்கணக்கான குதிரைகள் விரைவிலேயே மாண்டன, அல்லது பயனற்றுப் போயின என்று அயல்நாட்டார் இருவர் எழுதி வைத்துள்ளனர். அவர்கள் கூற்று உண்மைதானா, உண்மையாயின் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் வழி வந்த செல்வம்

குதிரை தமிழருக்குப் புதியதன்று. பரி, புரவி, மா, இவுளி என அதற்கு நம் மொழியில் பெயர்கள் பல. குதிரையின் வீரத்தைப் பாடுவதற்கென்றே 'குதிரை மறம்' என்னும் துறை புறநானூற்றில் உண்டு. ஆயினும் நல்ல குதிரை இந்நாட்டில் பிறப்பது அரிதாகவே இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்து வளத்தைக் கூறும் பட்டினப்பாலை, கடல் வழியாக வந்த குதிரைகளை அந்நகரத்துச் செல்வங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. சோழ பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளின் பெயர்கள் வருகின்றன. மேலைக் கரையில் இறங்கிய குதிரைகளை வாங்கிக் கீழைக் கரைக்குக் கொணர்ந்து விற்றவர்கள் அவர்கள்.

மாணிக்கவாசகர் வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. பாண்டியன் அமைச்சரிடம் பெரும்பொருள் கொடுத்துக் குதிரை வாங்கி வரும்படி அனுப்புகிறான். பொருள் பெருந்துறைத் திருப்பணியில் செலவாகிறது. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வருகின்றன. இரவில் மீண்டும் நரிகளாகி ஓடுகின்றன. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் இதனை விரிவாகப் பாடியுள்ளார். கதை பக்தியைச் சொல்ல வந்தது. வரலாற்றுச் சான்றாக அதனை அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் ஒன்றை அதிலிருந்து அறியலாம். அரசனின் கருவூலத்திலிருந்து குதிரைக்காகப் பெரும்பொருள் வெளியேறுவது, கதை கேட்ட மக்களுக்கு வியப்பான செய்தியாக இருக்கவில்லை.

இரு சான்றுகள்

முதற் சான்று வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. சீனத்திலிருந்து கடல் வழியே திரும்பும்போது, கி. பி. 1292-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவர் பாண்டிய நாட்டைக் கண்டார். அப்போது முதன்மை அரசராக விளங்கியவர் மாறவர்மன் குலசேகர பாண்டியன். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் ஆர்மசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து நின்றன என்கிறார். அரச உடன்பிறந்தார் ஐவரும் தலைக்கு 2000-க்கு மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கினர். ஆண்டின் முடிவில் 100 கூட எஞ்சுவதில்லை. பேணத் தெரியாமையே காரணம் என்பது அவர் கூற்று. குதிரைக்குச் சமைத்த இறைச்சியும் சோறும் கொடுத்தனராம். நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெண் குதிரையையும் சேர்த்தாலும் கால் கோணிய, ஏறுதற்குத் தகாத குட்டியே பிறந்ததாம். இவற்றோடு இன்னொரு செய்தியையும் அவர் தருகிறார்: லாடம் கட்டுவோரும் குதிரை வைத்தியரும் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர்களே தடுத்துவிட்டனர். குதிரை சாகச் சாக அவர்களுக்கு விற்பனை பெருகும் அன்றோ!

இரண்டாம் சான்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து முன்னர் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மாபாருக்கும் கம்பாயத்துக்கும் பிற துறைகளுக்கும் சென்றன என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் கணக்குத் தருகிறார். மாபார் என்பது அராபியர் பாண்டிய நாட்டுக் கரைக்கு இட்ட பெயர். அவர் காலத்தில் ஜமாலுத்தீன் என்னும் பெருவணிகர், ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்பப் பாண்டியரோடு உடன்பாடு செய்திருந்தார். குதிரை ஒன்றுக்கு 220 தினார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அரசனே விலை கொடுத்துவிட வேண்டும்.

இந்த வணிக முறை பாண்டியரோடு முடியவில்லை. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் விசயநகர அரசர் ஒருவர், கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே உயிருள்ள குதிரையின் விலையைக் கொடுத்தார் என்று போர்த்துகீசியராகிய நூனிசு எழுதியிருக்கிறார்.

குதிரைகளை நடத்திய விதம் பற்றி வசாபு கூறுவதுதான் நமக்கு இங்கே முதன்மையானது. வந்த குதிரைகளுக்கு வறுத்த தானியத்தில் வெண்ணெய் கலந்து ஊட்டினர். காய்ச்சிய பசும்பால் குடிக்கக் கொடுத்தனர். கொழுக்க வேண்டும் என்று 40 நாள் கொட்டடியில் முளையடித்துக் கயிற்றால் கட்டி வைத்தனர். அதன் பின் பயிற்சி ஏதும் இன்றி, அங்கவடி முதலிய கருவிகளும் இன்றி, வீரர்கள் ஏறிப் பேய் போல் ஓட்டினர். காற்றெனப் பறந்த குதிரைகள் சில நாளிலேயே வலுவிழந்து, வேகம் இழந்து, அறிவும் மழுங்கிப் போயின. இவ்வாறு எழுதிய வசாபு, இந்த இழப்பிலும் ஒரு நன்மை உண்டு, ஆண்டுதோறும் வணிகம் நடப்பதற்கு இறைவன் வகுத்த வழி இது என்று மனநிறைவும் கொள்கிறார்.

சான்றுகளை எடையிடல்

அயலார் கூற்று என்பதற்காக இவற்றைத் தள்ளிவிடலும் ஆகாது. அச்சில் வந்தது என்பதற்காக அப்படியே ஏற்றலும் ஆகாது. வசாபு பாரசீகத்தில் இருந்து எழுதியவர். வணிகர் வாய்க் கேட்டதை எழுதினார். விற்பவர் வாங்குபவரை அறிவிலி என்பது சந்தையில் என்றும் நடப்பது. மார்க்கோ போலோவின் எண்களும் பெருக்கிச் சொல்லப்பட்டவையாக இருக்கலாம். ஐவரும் வாங்கிய 10,000 குதிரைகளில் 100 கூட மிஞ்சவில்லை என்றால், எந்தப் படையைக் கொண்டு அவர்கள் போர் செய்தனர்?

தட்பவெப்பத்துக்கும் பங்கு உண்டு. வறண்ட மணல் நாட்டில் பிறந்த குதிரை வாரக்கணக்கில் கப்பலில் நின்று ஈரம் மிகுந்த கரையில் இறங்கியது. குதிரையைக் கொல்லும் 'சர்ரா' என்னும் நோய் இந்தியாவில் உண்டு. கடிக்கும் ஈக்கள் அதனைப் பரப்புகின்றன. அதன் கிருமியைக் கிரிபித் எவன்சு என்னும் மருத்துவர் பஞ்சாபில் 1880-இல் கண்டறிந்தார். அதற்கு ஆறு நூற்றாண்டு முன்பு வாழ்ந்த பாண்டியனின் குதிரைக்காரன் அந்நோய்க்கு என்ன செய்திருக்க முடியும்? மாண்ட குதிரைகள் அனைத்தும் அறியாமையால் மாண்டன எனல் நேர்மையாகாது.

எனினும் வேறு வேறு நாட்டைச் சேர்ந்த இருவர், ஒருவர் நூலை ஒருவர் காணாதவர், ஒரே இடத்தில் விரலை வைக்கின்றனர். ஊட்டம் குறையவில்லை, ஊட்டும் முறையும் பழக்கும் முறையும் பிழைபட்டன என்பதே இருவர் கூற்றின் சாரம். இதனை இன்றைய விலங்கு மருத்துவமும் வலியுறுத்துகிறது.

அரிசியிலும் இறைச்சியிலும் மணிச்சத்து மிகுதி. சுண்ணாம்புச் சத்து குறைவு. இவ்வுணவை நெடுநாள் உண்ணும் குதிரையின் உடல், தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவிடத் தொடங்கும். எலும்பு நொய்ந்து போகும். கால் கோணிய குட்டிகளைப் பற்றிய செய்திக்கு இதுவே விளக்கமாகலாம் என்பது என் கருத்து. தானியத்தை அளவுக்கு மிஞ்சி ஊட்டினால் குளம்பினுள் அழற்சி கண்டு குதிரை நிற்க முடியாமல் போவதும் மருத்துவர் அறிந்ததே. கொட்டடியில் அசையாது நிற்கும் குதிரையின் எலும்பு நாளுக்கு நாள் உறுதி குறைகிறது. 40 நாள் நின்று, உடல் பருத்து, எலும்பு இளைத்த குதிரையின் மேல் 41-ஆம் நாள் வீரன் ஏறிப் பாய்ந்தால் முறிவது எது? வசாபு மருத்துவம் அறியார். ஆயினும் அவர் எழுதி வைத்தது நோயின் வரலாறாகவே இருக்கிறது.

ஏட்டில் இருந்த அறிவு

அப்படியானால் இந்நாட்டாருக்குக் குதிரை அறிவே இல்லையோ? அன்று. கௌடலியரின் அருத்தசாத்திரத்தில் குதிரைத் தலைவனின் கடமைகளைக் கூறும் தனி இயல் ஒன்று உண்டு. ஈன்ற பெண் குதிரைக்கு முதல் மூன்று நாள் நெய் கொடுக்க வேண்டும். பத்து நாள் கழிந்த குட்டிக்குச் சிறிதளவு மாவும் நெய்யும், ஒரு பிரத்தம் பாலும் ஆறு திங்கள் வரை. அதன் பின் வாற்கோதுமை ஒரு பிரத்தத்தில் தொடங்கித் திங்கள்தோறும் கூட்டி மூன்று ஆண்டு வரை. நான்காம் ஆண்டில் ஒரு துரோணம், அதாவது 16 பிரத்தம். இவ்வாறு வளர்ந்த குதிரை நான்கு அல்லது ஐந்து வயதில்தான் முழு வளர்ச்சி பெற்று வேலைக்குத் தகுதி அடைகிறது என்று அந்நூல் வரையறுக்கிறது.

போரிலும் நோயிலும் முதுமையிலும் தளர்ந்த குதிரைக்கு உணவளித்துக் காக்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. மருத்துவத்தின் பிழையாலோ கவனக்குறைவாலோ குதிரையின் நோய் முற்றினால் மருத்துவச் செலவின் இரு மடங்கு தண்டம். குதிரை இறந்தால் அதன் விலையே தண்டம்.

இந்நூலின் ஏட்டுச் சுவடியை மைசூர் நூலகத்துக்குக் கொடுத்தவர் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர். சாமசாத்திரியார் அதனை 1909-இல் அச்சேற்றினார். காயலில் குதிரைகள் மாண்ட காலத்தில் இந்நூல் தமிழ்நாட்டில் பயிலப்பட்டது என்று நான் கூற வரவில்லை. நான்கு ஐந்து வயது வரை பொறுத்திரு என்னும் அறிவு இத்துணைக்கண்டத்தில் நூலுருவில் இருந்தது. அது கொட்டடியில் நின்ற குதிரைக்காரன் கைக்கு வரவில்லை என்பதே நான் காட்ட விரும்புவது. வந்திருக்கக்கூடிய தொழிலாளரை வணிகர் தடுத்தனர். வாங்கிய அரசரோ, 220 தினாருக்குக் குதிரை வாங்கினால் போதும், பழக்குபவனுக்குப் பொருள் செலவிட வேண்டியதில்லை என்று எண்ணினர் போலும்.

ஆசிரியப் பயிற்சியில் பல ஆண்டு ஈடுபட்டவன் என்னும் முறையில் இவ்விடத்தைக் கடந்து செல்ல எனக்கு மனம் வருவதில்லை. கருவிகளுக்குப் பணம் ஒதுக்கி, அவற்றைக் கையாளும் ஆசிரியரின் பயிற்சிக்குப் பணம் ஒதுக்காத நிலையை நானும் கண்டிருக்கிறேன்.

உழுந்து தின்ற குதிரை

புறநானூற்று 299-ஆம் பாட்டு பொன்முடியார் பாடியது. குதிரை மறத் துறையில் அமைந்தது. பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவன் ஒருவனின் குதிரை உழுந்தின் கோதைத் தின்று தளர்ந்த நடையோடு இருப்பது. பெருமன்னரின் குதிரைகளோ நெய் பெய்த உணவு உண்டு, பிடரி மயிர் திருத்தப் பெற்று, மாலை அணிந்தவை. போர்க்களத்தில் சிற்றூர்க் குதிரை கடலைப் பிளக்கும் தோணி போல் படையைப் பிளந்து செல்கிறது. பெருமன்னரின் குதிரைகள் ஒதுங்கி நின்றுவிடுகின்றன.

இது கவிதை, கால்நடை மருத்துவ நூலன்று. சிற்றூர் மன்னனின் மறத்தை உயர்த்துவதே புலவர் கருத்து. ஆயினும் நெய்யுணவும் அணியும் மட்டும் ஒரு குதிரையைக் களத்துக்குத் தகுதியாக்கிவிடா என்னும் எண்ணம் பொன்முடியார் உள்ளத்தில் இருந்தது என்பதை மறுக்க இயலாது. காயல் துறையின் கதையை இப்பாட்டோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். வெண்ணெயும் பாலும் உண்டு நின்ற குதிரைகள் நம் கண்முன் வரும்.

பிற நாட்டார் கண்ட வழி

குதிரையை அவசரப்படாமல் பழக்குவது உலகின் பழைய கலைகளுள் ஒன்று. கி. மு. பதினான்காம் நூற்றாண்டில் மித்தானி நாட்டுக் கிக்குலி என்பவர் தேர்க்குதிரைப் பயிற்சியை நாள் நாளாக வகுத்தார். அக்களிமண் ஏடுகள் இன்றைய துருக்கியில், இட்டைட்டு மக்களின் தலைநகரில் கிடைத்தன. ஏழு திங்கள் அளவு நீளும் அத்திட்டத்தில், குதிரை ஓடும் சுற்றுகளை எண்ணும் சொற்கள் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்பவற்றுக்குரிய வடமொழிச் சொற்களை ஒத்திருப்பது மொழியறிஞர் வியக்கும் செய்தி. கி. மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கராகிய செனபோன், அடித்து வருத்திச் செய்விப்பதில் அழகு இராது என்று குதிரையேற்றம் பற்றிய தம் நூலில் கூறினார்.

அம்மரபின் வழியில் வந்ததே 'டிரெசாஜ்' என்னும் நடைப்பயிற்சிக் கலை. ஏறியவர் விரல் அசைவுக்கும் உடல் அசைவுக்கும் இணங்கிக் குதிரை அளந்து நடப்பது அது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பெயர் பெற்ற வியன்னா நகரத்துக் குதிரையேற்றப் பள்ளியில், பீபர் என்னும் ஊரில் வளரும் ஆண் குட்டிகள் ஏறத்தாழ நான்கு வயதில்தான் பயிற்சிக்கு வருகின்றன. முழுப் பயிற்சிக்கு ஆறு ஆண்டு அளவு செல்லும். அவற்றுள் பல 20 வயதைத் தாண்டியும் மக்கள் முன் ஆடுகின்றன.

இன்று அக்கலையிலும் அவசரம் புகுந்திருக்கிறது. அனைத்துலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, மிக உயர்ந்த நிலைப் போட்டிக்குக் குதிரை 8 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று விதித்துள்ளது. ஆனால் 5, 6, 7 வயதுக் குதிரைகளுக்கும் உலகப் போட்டிகள் நடக்கின்றன. இளங்குதிரையின் நடை கண்ணைப் பறித்தால் விலை உயரும். ஆகவே கழுத்தும் முதுகும் உறுதிப்படும் முன்பே பெருநடை பழக்கும் ஆசை எழுகிறது. குதிரையின் முன்காலில் மணிக்கட்டுக்கு ஒப்பான மூட்டின் மேல் உள்ள வளர்ச்சித் தட்டு இரண்டு, இரண்டரை வயதில்தான் எலும்பாக இறுகுகிறது. முதுகெலும்பின் தட்டுகள் இறுக ஐந்து ஆண்டுக்கு மேலும் ஆகும். ஏறுபவர் அமர்வது அந்த முதுகின் மேல்தான். கௌடலியர் சொன்ன நான்கு, ஐந்து வயதைப் புதிய அறிவு மிகுதியாக மாற்றிவிடவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு; அதனை மறைத்தல் தகாது. இளமையில் உழைப்பே ஆகாது என்று குதிரையைக் கட்டி வைப்பதும் கேடு. குட்டியாக இருக்கும்போது வெளியில் ஓடி ஆடியதும், அளவாகப் பழகியதும் பின்னாளில் உறுதியான எலும்பும் நரம்பும் பெறுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே கேள்வி தொடங்கும் வயது ஒன்றைப் பற்றியது மட்டும் அன்று. எவ்வளவு, எவ்வளவு அடிக்கடி, இடையே ஓய்வு எவ்வளவு என்பனவும் சேர்ந்ததே கேள்வி. பாண்டியரின் கொட்டடியில் இரு பிழைகளும் ஒருங்கே நடந்தன. முதலில் அசையாமை, பின்பு அளவில்லாத ஓட்டம்.

நாட்காட்டி வயதும் உடல் வயதும்

பினாங்கில் குதிரைப் பந்தயக் கழகம் 1864-இல் தோன்றியது. சிறுவனாக இருந்தபோது பத்து கந்தோங் மைதானத்துக் குதிரைகள் விடியற்காலையில் நடப்பதை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததுண்டு. அவற்றுள் சில இரண்டு வயதினவே என்று அப்போது அறியேன். பந்தய உலகில் குதிரையின் வயதை அது பிறந்த நாளால் கணக்கிடுவதில்லை. ஆத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்த பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஆகத்து முதல் நாளே பிறந்த நாள். ஆகத்தில் பிறந்ததும் நவம்பரில் பிறந்ததும் ஒரே நாளில் 'இரண்டு வயது' ஆகிவிடும். பின்னதன் உடலுக்கு அன்று 21 திங்களே நிரம்பியிருக்கும்.

இதைப் படித்த நாளில் என் பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பே எனக்கு நினைவில் வந்தது. சனவரியில் பிறந்த குழந்தையும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த குழந்தையும் ஒரே பலகையில் அமர்கின்றனர். ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. ஏழு வயதில் அது வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கு. எழுதுகோல் பிடிக்கும் விரல் ஒருவனுக்கு உறுதிப்பட்டிருக்கும்; மற்றவனுக்கு இராது. வருகைப் பதிவேடு இருவரையும் ஒன்றாகவே காட்டும்.

நானும் பிழை செய்தவன். தலைமையாசிரியர் பொறுப்பேற்ற புதிதில், எங்கள் தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் வயதை மீறிப் படித்தான். பள்ளிக்குப் பெயர் வரும் என்ற ஆசை எனக்கு. ஆறாம் ஆண்டு மாணவருக்கு நடந்த மாலைத் தேர்வு வகுப்பில் அவனையும் அமர்த்தினேன். மற்றப் பிள்ளைகள் பந்தாடும் நேரத்தில் அவன் பழைய வினாத்தாள்களை எழுதினான். முதலாண்டு அனைவரும் வியந்தோம். இரண்டாம் ஆண்டில் அவன் கதைப் புத்தகத்தைக் கூடத் தொடுவதை நிறுத்திவிட்டான். தேர்வு ஆண்டில் நடுத்தர மாணவனாக எழுதி வெளியேறினான். "பையன் சோம்பலாகிவிட்டான்" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். பேசியவர்களுள் நானும் ஒருவன். அந்தத் தேர்வையே அரசாங்கம் 2021-இல் எடுத்துவிட்டது. அவன் இழந்த மாலைப் பொழுதுகளை எவரும் திருப்பித் தர இயலாது.

குழந்தை குதிரையன்று, ஒப்புமையை எல்லை கடந்து இழுத்தல் ஆகாது. குதிரை ஏறுபவனுக்காகப் பழக்கப்படுகிறது. குழந்தை தனக்காகவே கற்க வேண்டும். ஆயினும் தளர்ந்ததைச் சோம்பல் என்றும், முறிந்ததை மண்ணின் குற்றம் என்றும் கூறித் தப்பித்துக்கொள்ளும் மனித இயல்பு இரண்டிடத்தும் ஒன்றே. பாண்டிய நாட்டுத் தட்பவெப்பம் குதிரைக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிட்டால், ஊட்டிய கையையும் ஓட்டிய கையையும் எவரும் கேட்கமாட்டார்.

காயல் துறைமுகம் மணல் மேடிட்டு அழிந்தது. இன்று பழைய காயல் கடலிலிருந்து விலகி நிற்கும் சிற்றூர். குதிரைக் கப்பல் வந்த சுவடு கண்ணுக்குத் தெரியாது. தமிழாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. 299-ஆம் புறப்பாட்டை வகுப்பில் நடத்தும்போது காயல் துறையின் கதையையும் மாணவருக்குச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்குத் திரும்பியதும், கடிவாளம் என்றால் வாயை மூடுகிறான் என்று நீங்கள் குறித்து வைத்த மாணவனின் பெயரை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அவன் எந்தத் திங்களில் பிறந்தவன், எத்தனை நாள் ஓடியாடாமல் இருந்தான், நாம் எவ்வளவு விரைவாக ஓட்டினோம் என்று எண்ணிப் பார்த்த பிறகு அவனைப் பற்றி முடிவு செய்வோம்.